மசகெண்ணெய் மாற்றிய வரலாறு

புக்கிட் பாஞ்சாங்கை அடுத்த மேல் புக்கிட் தீமா சாலையில், 1941-இல் திறக்கப்பெற்ற ஃபோர்டு மோட்டார்த் தொழிற்சாலையை, 1942 பிப்ரவரி 15-இல் பிரிட்டிஷார் சரணடைந்த இடமாகவே பலரும் அறிவர். அந்நிறுவனமோ 1926-லேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. அதன் 'மாடல் டி' கார் அப்பொழுதும் உற்பத்தியில் இருந்தது.

அக்காருக்கு எண்ணெய் மாற்றுவது பெரும்பாலும் சொந்தக்காரர் வேலை. எண்ணெய் பம்பு இல்லை, வடிகட்டி இல்லை. சுழலும் விசைச்சக்கரம் வாரியிறைத்த எண்ணெயே எங்கும் பரவியது. அளவுகோலும் கிடையாது. காரின் அடியில் புகுந்து, மேலும் கீழுமாயிருந்த இரு சிறு குழாய்களைத் திறந்து பார்க்கவேண்டும். மேற்குழாயில் ஒழுகினால் எண்ணெய் நிறைவு; கீழ்க்குழாயிலும் ஒழுகாவிடில் பொறிக்கு ஆபத்து! அழுக்கு உள்ளேயே தங்கியதால், ஏறத்தாழ 750 மைலுக்கு ஒருமுறை அடித்திருகைக் கழற்றி வடிக்குமாறு கையேடு பணித்தது. 1920-களில் வடிகட்டி தோன்றி, எண்ணெயின் தரமும் உயர உயர, இவ்விடைவெளி ஆயிரக்கணக்கான மைல்களாக நீண்டது.

வண்டியச்சுக்கு மசகிட்ட நம்மவர்க்கு இக்கருத்துப் புதிதன்று. 'காஸ்ட்ரால்' என்னும் வணிகப் பெயரும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே.

பொறியைச் சற்றே சூடாக்கி வடித்தல் இன்றும் உள்ள முறை; இளகிய எண்ணெய் அழுக்கையும் உடன் கொண்டுவரும். மாறியது வடித்ததன் கதியே. அமெரிக்காவில் அதனை மண்சாலைப் புழுதி அடங்கத் தெளித்ததும் உண்டு. சிங்கப்பூரிலோ நிலப்பரப்பில் மூன்றில் இரு பங்கு, நீர்த்தேக்கங்களுக்கு மழைநீர் திரட்டும் பகுதி. வடிகாலில் எண்ணெய் ஊற்றுவது இங்கே குற்றமாகும்.