லூ சுன்: மருத்துவம் துறந்த எழுத்தாளர்

நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன் 1881இல் சாவோசிங் நகரிற் பிறந்தார். யப்பானில் மருத்துவம் பயில்கையில், உளவாளியெனப்பட்ட சீனன் ஒருவன் கொல்லப்படுவதைச் சீனரே வாளாவிருந்து நோக்கும் படக்காட்சியொன்றைக் கண்டார். உடற்பிணியினும் உளப்பிணியே கொடிதெனத் தெளிந்து, 1906இல் மருத்துவக் கல்வியைத் துறந்தார். 1918இல் வெளிவந்த 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு', மனிதரை மனிதர் தின்னும் பழஞ்சமுதாயத்தைப் பேச்சுவழக்குச் சீனத்திற் சாடிற்று. 1936இல் அவர் மறைந்தார்.

அவர்தம் கதைகளைத் தமிழுக்குத் தந்தோருள் மலையகத்து எழுத்தாளர் கே. கணேஷ் (1920–2004) குறிப்பிடத்தக்கவர். அம்மொழியாக்கம் வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. 1990இல் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பலர் புத்தளத்து ஆலங்குடாவில் ஓலைக்குடிசைகளில் ஒதுங்கினர். அயலவர் துயரைக் கண்டும் பேசாதிருத்தல் யாதென்பதை அக்கரையில் நின்று நோக்குவோருக்கு லூ சுன் அந்நியராகார்.