மழை உள்ளே இருந்துதான் பெய்யுது

இன்னைக்கு எபிசோட் ஒரு ஜாக்கெட்டைப் பத்தி. கரையை ஒட்டிப் பாய்மரப் படகு ஓட்டுறவங்க போட்டுக்கிற, தண்ணி புகாத ஜாக்கெட். "நான் எங்க பாய்மரப் படகு ஓட்டப் போறேன்?"னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. நவம்பர் மாசம் ஓஎம்ஆர்ல ரெயின்கோட் மாட்டிக்கிட்டு ஸ்கூட்டர் ஓட்டியிருப்பீங்க இல்லையா? ஆபீஸ் போய்க் கழட்டிப் பார்த்தா சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கும். ஆனா மழை ஒரு சொட்டுகூட உள்ளே வந்திருக்காது. அத்தனையும் நம்ம வியர்வை.

கடலோடிகளுக்கு இருநூறு வருஷமா இருந்த தலைவலி இதுதான். இந்த ஜாக்கெட்டோட வரலாறுன்னா வெளியே இருக்கிற தண்ணியைத் தடுத்த கதைன்னுதான் நானும் நினைச்சுப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, அந்தப் பாதி ரொம்ப சீக்கிரமே முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சது. மிச்சக் கதை எல்லாம் உள்ளே இருக்கிற தண்ணியை என்ன பண்றதுங்கிறதுதான்.

இதுல ஏன் இவ்வளவு பதட்டம்? குளிர் நாட்டுக் கடல்ல நனையறது வெறும் அசௌகரியம் கிடையாது. தண்ணி, காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டைக் கடத்தும். முதல்ல விரல் மரத்துப் போகும், கயித்துல முடிச்சு போட வராது. அப்புறம் புத்தி மந்தமாகும். பாயை இப்பவே சுருக்கணுமா, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டுமாங்கிற முடிவு தப்பாகும். கடல்ல அந்த ஒரு முடிவு தப்பானா போதும், உயிர் போயிடும்.

இந்தச் சிக்கலை முதல்ல சரியாப் பிடிச்சவங்கன்னு நான் சொல்ல நினைக்கிறது அலாஸ்கா பக்கத் தீவுகள்ல இருக்கிற அலூட் மக்களையும், அவங்களைப் போல ஆர்க்டிக் கரையோரத்துல வாழ்ந்தவங்களையும். கடல் சிங்கம், சீல் மாதிரி விலங்குகளோட குடலைக் கழுவி, காத்து ஊதிக் காயவச்சு, நீளமா கிழிச்சு, பட்டை பட்டையா சேர்த்துத் தைச்சாங்க. காகிதம் மாதிரி மெல்லிசு, வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியும். தண்ணி உள்ளே வராது. சில இடங்கள்ல தையலுக்குள்ள காய்ஞ்ச புல்லை வச்சுத் தைச்சாங்க. ஈரம் பட்டதும் புல்லு உப்பி, ஊசி ஓட்டையை அடைச்சுடும். கிரீன்லாந்து வேட்டைக்காரங்க இன்னும் ஒரு படி மேல போனாங்க. சீல் தோல்ல செஞ்ச அவங்க மேலங்கியோட கீழ் விளிம்பை கயாக்கோட வாய் விளிம்புலயே இறுக்கிக் கட்டுவாங்க. முகத்தைச் சுத்தியும் மணிக்கட்டுலயும் சுருக்குக் கயிறு. படகு கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணி போகாது, உருண்டு நிமிர்ந்துடலாம். துணியை விட ஓரங்கள்தான் முக்கியம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஓரம்னா கழுத்து, கை, தையல். இதை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

ஐரோப்பிய மாலுமிகள் வேற வழியில வந்தாங்க. பழைய பாய்த் துணி, அதுக்கு மேல ஆளி விதை எண்ணெய். இந்த எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. சமையல் எண்ணெய் மாதிரி பிசுபிசுன்னே இருக்காது, காத்தோட வினைபுரிஞ்சு இறுகித் தோல் மாதிரி ஆகும். அப்படி ரெண்டு மூணு பூச்சு பூசிக் காயவச்சா துணி தண்ணி புகாததா மாறும். இதுக்குப் பேர்தான் ஆயில்ஸ்கின். எண்ணெய் நாளாக ஆக மஞ்சளாகும். நம்ம மனசுல இருக்கிற "மஞ்சள் கோட்டு மீனவர்" படத்துக்கு மூலம் இந்த எண்ணெய்தான், யாரும் யோசிச்சுத் தேர்ந்தெடுத்த நிறம் இல்ல. கடல்ல விழுந்த ஆளைக் கண்டுபிடிக்க மஞ்சள் நல்லதுங்கிறது பின்னாடி கிடைச்ச போனஸ்.

1877ல நார்வேயோட மோஸ் ஊர்ல ஹெல்லி யூல் ஹான்சன்னு ஒரு கப்பல் கேப்டனும் அவர் மனைவி மாரென் மார்கரெத்தெவும் சேர்ந்து இந்தத் துணியைத் தொழிலா ஆரம்பிச்சாங்க. முரட்டு லினன், ஆளி விதை எண்ணெய், அவ்வளவுதான் சரக்கு. முதல் அஞ்சு வருஷத்துல சுமார் 10,000 உருப்படி வித்ததா அந்தக் கம்பெனியோட வரலாறு சொல்லுது. இன்னைக்கு மால்ல எச் எச்-னு ரெண்டு எழுத்து போட்டுத் தொங்குற ஜாக்கெட்டெல்லாம் அந்தக் குடும்பத்துப் பேர்லதான். ஆனா ஆயில்ஸ்கின் போட்டு வாழறது சுகம் இல்ல. வெயில்ல ஒட்டும், குளிர்ல விறைக்கும், மடிச்ச இடத்துல வெடிக்கும். எண்ணெய் இறுகுறப்போ சூடு வரும்ங்கிறதால, சரியா காயாததைக் குவிச்சு வச்சா தானாத் தீப்பிடிக்கிற ஆபத்துகூட உண்டு.

இதுக்கு ஐம்பது வருஷம் முன்னாடியே கிளாஸ்கோவில சார்லஸ் மெக்கின்டாஷ்னு ஒரு வேதியியலாளர் வேற ஒண்ணைக் கண்டுபிடிச்சிருந்தார். நிலக்கரியில இருந்து விளக்குக்கு வாயு எடுக்கிற ஆலைகள்ல மிஞ்சுற தாரிலிருந்து நாப்தா கிடைக்கும். அதுல ரப்பரைக் கரைச்சு, ரெண்டு துணிக்கு நடுவுல சாண்ட்விச் மாதிரி தடவினார். 1823ல காப்புரிமை. தண்ணி சுத்தமா நின்னு போச்சு. பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னுதானே நினைப்பீங்க? அங்கதான் கதையே ஆரம்பிக்குது. தையல்காரங்க ஊசி போட்ட ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. வெயில்ல ரப்பர் இளகிச்சு, குளிர்ல பலகையாச்சு, நாத்தம் வேற. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்குற முறையை சார்லஸ் குட்இயர் 1839ல கண்டுபிடிச்ச பிறகு இளகுறதும் விறைக்கிறதும் அடங்கிச்சு. ஆனா வியர்வை? ரப்பருக்குத் தண்ணியும் ஆவியும் ஒண்ணுதான். ரெண்டையும் விடாது. உள்ளே மாட்டிக்கிட்ட ஈரம் அங்கேயே சட்டையில இறங்கும்.

அடுத்த நூறு வருஷம் ரப்பர், பி.வி.சி., பூச்சு போட்ட நைலான்னு சரக்குதான் மாறிச்சு, தர்மசங்கடம் மாறல. 1963ல போலந்துல பிறந்த ஹென்றி ஸ்ட்ரெலெக்கி, இங்கிலாந்தோட மான்செஸ்டர்ல ஆங்கஸ் லாய்டோட சேர்ந்து ஹென்றி லாய்ட் கம்பெனியை ஆரம்பிச்சார். நைலான் துணி, உப்புல துருப்பிடிக்காத ஜிப்னு கடலுக்கே யோசிச்ச உடுப்பு. 1966 ஆகஸ்ட்ல பிளிமத்துல இருந்து தன்னந்தனியா உலகத்தைச் சுத்தக் கிளம்பின ஃப்ரான்சிஸ் சிசெஸ்டர் போட்டிருந்தது இவங்க உடுப்பு. நடுவுல சிட்னியில மட்டும் நின்னு, 226 நாள் கடல்ல ஓட்டி, 1967 மே மாசம் திரும்பினார். அப்ப அவருக்கு வயசு 65.

1979 ஆகஸ்ட். இங்கிலாந்துல இருந்து அயர்லாந்துக்குத் தெற்கே இருக்கிற ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுத்தி வர்ற போட்டி. 303 படகு கிளம்பிச்சு. 13ம் தேதி ராத்திரி எதிர்பார்த்ததை விடப் பெரிய புயல். போட்டியில கலந்துக்கிட்ட 15 பேர் செத்துப் போனாங்க. படகோட ஆளைக் கட்டிவைக்கிற ஹார்னஸும் கொக்கியும் சில இடங்கள்ல கைவிட்டதை விசாரணை அறிக்கை பேசுச்சு. ஜாக்கெட்டைப் பத்தின பேச்சுல இதை ஏன் கொண்டு வரேன்னா, கடல்ல ஜாக்கெட் தனி ஆள் கிடையாது. அதுக்கு மேல ஹார்னஸ் வரும், லைஃப் ஜாக்கெட் வரும். மூணையும் மாட்டிக்கிட்டு குனிய முடியலைன்னா, கையைத் தலைக்கு மேல தூக்க முடியலைன்னா, எவ்வளவு விலை கொடுத்தும் பிரயோசனம் இல்ல.

இந்த விபத்துக்குப் பத்து வருஷம் முன்னாடியே, வியர்வைப் பிரச்சினைக்கான விடை அமெரிக்காவோட டெலவேர்ல கிடைச்சிருந்தது. 1969 அக்டோபர்ல பாப் கோர்ங்கிறவர் சூடான டெஃப்லான் கம்பிகளை மெதுவா இழுத்து நீட்டப் பார்த்தார். எல்லாம் பட்டு பட்டுன்னு உடைஞ்சது. கடுப்புல ஒண்ணை வெடுக்குன்னு இழுத்தார். உடையல. பத்து மடங்கு நீண்டுச்சு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஓட்டை. கம்பெனி சொல்ற கணக்குப்படி ஒவ்வொரு ஓட்டையும் நீர்த்துளியை விட 20,000 மடங்கு சிறுசு, நீராவி மூலக்கூறை விட 700 மடங்கு பெருசு. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியா வெளியே போகும். 1976ல கோர்-டெக்ஸ் கடைக்கு வந்தது.

ஆனா அந்த முதல் கோர்-டெக்ஸ் ஒழுகிச்சு! உடம்பு எண்ணெயும் அழுக்கும் சவ்வுல படிஞ்சதும் தண்ணி உள்ளே புகுந்தது. சவ்வுக்கு மேல பாலியூரிதேன் படலம் ஒண்ணைச் சேர்த்துதான் சரி பண்ணாங்க. மலை ஏறுறவங்களுக்கு அது போதும். கடல்ல இன்னொரு எதிரி உண்டு, உப்பு. துணியில காய்ஞ்ச உப்புப் பொடி காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கும், ஜாக்கெட் காயவே காயாது. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில அலசணும்னு சொல்றது அதனாலதான்.

இன்னொரு விஷயத்தை விளம்பரங்கள் சத்தமா சொல்றதில்ல. ஆவி வெளியே போகணும்னா உள்ளே சூடும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியும் இருக்கணும். ஸ்காட்லாந்துல அந்த வித்தியாசம் தாராளமாக் கிடைக்கும். மே மாசம் சென்னைத் துறைமுகத்துல, 1911லயே ஆரம்பிச்ச ராயல் மெட்ராஸ் யாட் கிளப் வாசல்ல நின்னு பாருங்க. வெளியேயும் ஈரம், உள்ளேயும் ஈரம். சவ்வு பாவம், என்ன பண்ணும்? அங்க 40,000 ரூபாய் ஜாக்கெட்டை விட, காத்தையும் தெறிக்கிற தண்ணியையும் மட்டும் தடுக்கிற மெல்லிசான ஸ்ப்ரே டாப் மேல்னு நான் நினைக்கிறேன். கட்டுமரத்துல போனவங்க வெறும் உடம்போட போனதுலயும் இந்தக் கணக்கு இருக்கு. வெதுவெதுப்பான கடல்ல, நனைஞ்ச உடம்பு சீக்கிரம் காயறதுதான் வேணும்.

குளிர்க் கடலுக்குப் போறீங்கன்னா கடையில டேக்ல இருக்கிற 20,000 மில்லிமீட்டர்ங்கிற நம்பரை ரொம்ப நேரம் பார்க்காதீங்க. அது துணி எவ்வளவு உயரத் தண்ணியோட அழுத்தத்தைத் தாங்கும்ங்கிற சோதனை. 10,000 தாண்டினாலே கரையோரப் பயணத்துக்கு தாராளம். அதை விட, உள்பக்கம் திருப்பி தையல் மேல எல்லாம் டேப் ஒட்டியிருக்கான்னு பாருங்க. கையைத் தூக்கினா மணிக்கட்டு வழியா தண்ணி முழங்கை வரைக்கும் ஓடும், அதனால உள்ளே இன்னொரு கைப்பட்டி இருக்கணும். காலர் தாடை வரைக்கும் வரணும். கிரீன்லாந்து வேட்டைக்காரரோட சுருக்குக் கயிறு ஞாபகம் இருக்கா? அதேதான். நிறம் விஷயத்துல நான் பிடிவாதக்காரன். நேவி ப்ளூ ஸ்டைலா இருக்கும், தண்ணியில விழுந்தா யாருக்கும் தெரியாது. தலைமறைப்பாவது பளீர்னு ஆரஞ்சோ பச்சை கலந்த மஞ்சளோ இருக்கட்டும்.

இப்ப நடந்துக்கிட்டிருக்கிற அத்தியாயம் இன்னும் சுவாரசியம். தண்ணியை உருட்டி விடுற வெளிப்பூச்சுலயும் அந்தச் சவ்வுலயும் இருக்கிற ஃபுளோரின் ரசாயனங்கள், அதாவது பி.எஃப்.ஏ.எஸ்., மண்ணுலயும் ரத்தத்துலயும் சிதையாம தங்குது. இந்த வகையில ஒண்ணான பி.எஃப்.ஓ.ஏ.வை 2019ல ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தடைப் பட்டியல்ல சேர்த்தது. கோர் கம்பெனியே 2022ல இருந்து பாலிஎத்திலீன்ல புது சவ்வு கொண்டு வருது. கலிஃபோர்னியாவில 2025 ஜனவரி முதல் வேணும்னே பி.எஃப்.ஏ.எஸ். சேர்த்த துணி விக்கக்கூடாது. கடும் ஈரத்துல வேலை செய்யுற உடுப்புக்கு மட்டும் 2028 வரைக்கும் அவகாசம். அந்தப் பட்டியல்ல ஆழ்கடல் பாய்மரப் பயணம்னு பேர் சொல்லியே எழுதியிருக்காங்க. கரையோரப் பயணத்துக்கு அந்த வரியில இடம் இல்ல. சாயங்காலம் கரைக்குத் திரும்புற ஆளுக்கு அந்த ரசாயனம் இல்லாத ஜாக்கெட் போதும்ங்கிறது என் கட்சியும்கூட. புதுப் பூச்சு சீக்கிரம் தேயும், மறுபடி பூசணும். ஆளி விதை எண்ணெய்க் காலத்துலயும் வருஷா வருஷம் அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தாங்க.