தனிமைச் சிறையும் நீதியின் பார்வையும்

கைதியை வதைப்பதற்கன்றித் திருத்துவதற்கே தனிமைச் சிறை தோன்றிற்று என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். 1829இல் பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட சிறைச்சாலையில் ஒவ்வொரு கைதியும் தனியறையில் அடைக்கப்பட்டான். தனிமை மனச்சாட்சியை விழிப்பிக்கும் என அன்றைய சீர்திருத்தவாதிகள் நம்பினர். 1842இல் அங்கு சென்ற நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கின்ஸோ, உடல் வதையினும் இது கொடியதெனக் கண்டித்தார்.

பிரித்தானியர் இம்முறையைத் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும் புகுத்தினர். 1906இல் நிறைவுற்ற அந்தமான் சிறை தனியறைகளாகவே கட்டப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தனிமைச் சிறை மொத்தத்தில் 3 மாதங்களையும், ஒரு தடவையில் 14 நாட்களையும் மிஞ்சலாகாதென வரையறுத்தது. அதனை விதிக்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்கே வழங்கிற்று. ஆயினும் மரண தண்டனைக் கைதியைப் பிரித்து வைக்கப் பணித்த 1894ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டத்தைத் துணைகொண்டு, எந்த நீதிமன்றமும் விதியாத தனிமையைச் சிறையதிகாரிகள் விதித்து வந்தனர்.

டில்லி திகார் சிறையில் அவ்வாறு அடைக்கப்பட்டிருந்த சுனில் பத்ராவின் வழக்கில், 1978இல் இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வழக்கத்தைத் தடுத்தது. மேன்முறையீடும் கருணை மனுவும் முடிவுறும்வரை ஒருவரை மரண தண்டனைக்குட்பட்டவராகக் கொள்ளலாகாது. அதன் பின்னரும் பிரித்து வைத்தல் தனிமைச் சிறையாக மாறலாகாது என்பதே தீர்ப்பின் சாரம். தீர்ப்பளித்தோருள் ஒருவரான கிருஷ்ண ஐயர், முன்னர் கேரள அமைச்சராகச் சிறைத்துறையை நிர்வகித்தவர். 1948இல் தாமே சிறையிருந்தவர்.

அடுத்த ஆண்டிலேயே இலங்கை எதிர்த்திசையிற் சென்றது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், விசாரணையின்றி 18 மாதங்கள்வரை தடுத்து வைக்கவும், அதற்குரிய இடத்தையும் நிபந்தனைகளையும் தீர்மானிக்கவும் அமைச்சருக்கு அதிகாரமளித்தது. தனிமைச் சிறை என்னும் பெயர் இல்லாமலே அதன் பயன் கிட்டிற்று. கிளிநொச்சிக்கு வடக்கேயுள்ள ஆனையிறவு இராணுவ முகாமிலும் பனாகொடையிலும் கைதிகள் வெளியுலகத் தொடர்பின்றி வைக்கப்பட்டமையை, 1982இல் இலங்கை வந்த சர்வதேச மன்னிப்புச் சபைக் குழுவினர் ஆராய்ந்து அறிக்கையிட்டனர். அக்கால எல்லை 2022இல் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டதேயன்றி, அவ்வதிகாரம் அத்திருத்தத்தால் நீக்கப்படவில்லை.

நாளொன்றில் 22 மணித்தியாலங்களோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பின்றி அடைத்தலைத் தனிமைச் சிறை என வரையறுத்த ஐக்கிய நாடுகளின் மண்டேலா விதிகள், அது தொடர்ந்து 15 நாட்களைக் கடத்தலாகாது என 2015இல் விதித்தன. எனினும் இந்தியாவின் 2023ஆம் ஆண்டுப் புதிய தண்டனைச் சட்டத்திலும் தனிமைச் சிறை இடம்பெற்றுள்ளது. நாட்களை எண்ணி வரையறுப்பதால் மட்டும் இக்கொடுமை ஒழியாது. பூட்டிய அறைக்குள் நீதிபதியும் சட்டத்தரணியும் உறவினரும் சென்று காணும் உரிமை நிலைபெறும் இடத்திலேயே அது ஒழியும். ஆனையிறவு முகாமின் வரலாறு உணர்த்தும் பாடமும் இதுவே.