கழற்ற முடிகிற வரை ஆயுள்

1939ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டெல்டா நிறுவனம் ஒரு ரம்ப மேசையைச் சந்தைக்கு விட்டது. பெயர் யூனிசா. மேலே வார்ப்பிரும்பு மேசை, நடுவில் 10 அங்குல வட்ட ரம்பம், கீழே மூடிய பெட்டிக்குள் மோட்டார். அதுவரை சிறு பட்டறைகளில் இருந்த ரம்பங்கள் பலவற்றில், சாய்வாக அறுக்க வேண்டுமானால் மேசையைத்தான் சாய்க்க வேண்டும். சாய்ந்த மேசையில் எட்டடிப் பலகையை வழுக்காமல் பிடித்துத் தள்ளுவது ஓர் ஆளால் ஆகிற காரியமல்ல. யூனிசாவில் மேசை அசையாது. உள்ளிருக்கும் ரம்பம்தான் சாயும். முன்பக்கச் சக்கரத்தைச் சுற்றினால் ரம்பம் ஏறி இறங்கும், பக்கவாட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் சாயும். இந்த அடிப்படை அமைப்பு ஏறக்குறைய 70 ஆண்டுகள் மாறவில்லை.

ஹெர்பர்ட் டவுட்ஸ் 1919இல் டெல்டாவைத் தொடங்கியபோது அவர் குறிவைத்தது வீட்டில் பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர்களை. சிறிய ஜிக் சா, சிறிய கடைசல் இயந்திரம் என்று ஒருவரால் வாங்கி, தூக்கி வைத்துக்கொள்ளக்கூடிய சாமான்கள். யூனிசா அந்த ரகமல்ல. 200 கிலோவை ஒட்டிய எடை. பக்கப் பலகைகளோடு சேர்த்து 36 அங்குல அகலமும் 27 அங்குல ஆழமும் உள்ள மேசை. அது தச்சுப் பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனது. வீட்டுக்காரர்களுக்காகத் தொடங்கிய நிறுவனத்தின் இந்த இயந்திரம் பெருமளவில் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது இரண்டாம் கை, மூன்றாம் கை மாறித்தான்.

1950களில் வார்க்கப்பட்ட ஒரு யூனிசாவை எடுத்துக்கொள்வோம். 1945இல் ராக்வெல் நிறுவனம் டெல்டாவை வாங்கிவிட்டதால் அதன் நெற்றியில் இரண்டு பெயரும் இருக்கலாம். அது போய்ச் சேரக்கூடிய இடங்களில் முக்கியமானது உயர்நிலைப் பள்ளி. 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கு மத்திய அரசுப் பணத்தைத் திறந்துவிட்டிருந்தது. மரவேலை வகுப்பு அமெரிக்கப் பள்ளிகளில் சாதாரணமானது. பள்ளியில் ரம்பத்துக்கு ஒரு வசதி: வகுப்பு நேரத்தில் மட்டும்தான் ஓடும், கோடை விடுமுறையில் ஓய்வு. ஒரு தொந்தரவு: ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதிதாகக் கற்கிற கைகள். மேசையில் துளை போட்ட தடம், ரம்பம் உரசிய கைடு, வண்ணம் வண்ணமாக மாற்றியடித்த பெயின்ட் எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சங்கள்.

பிறகு பள்ளிகள் மனம் மாறின. 1983இல் வெளியான 'ஆபத்தில் ஒரு தேசம்' என்ற அரசு அறிக்கை கணிதமும் அறிவியலும் கூட வேண்டும் என்றது. கல்லூரியை நோக்கிய பாடங்களுக்கு இடம்விட்டு மரவேலை வகுப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பட்டறையைக் காலிசெய்த பள்ளிகள் இயந்திரங்களை ஏலத்துக்கு அனுப்பின.

ஏலத்தில் அவற்றின் விலையைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் துரு அல்ல, மின்சாரம். பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் போன இயந்திரங்களில் பெரும்பாலும் த்ரீ பேஸ் மோட்டார். தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கே த்ரீ பேஸ் இணைப்பு உண்டு. அமெரிக்க வீட்டில் அது அரிது, அங்கே கிடைப்பது 120, 240 வோல்ட் சிங்கிள் பேஸ். வீட்டில் ஓடாது என்று பலரும் விலகிவிட, விஷயம் தெரிந்தவர் மலிவாக ஏலம் எடுத்துவிடுவார். உண்மையில் த்ரீ பேஸ் மோட்டார்தான் எளிமையானது: கெப்பாசிட்டர் இல்லை, ஸ்டார்ட்டிங் ஸ்விட்ச் இல்லை, தேய்ந்துபோக அதில் இருப்பது பேரிங்தான்.

ஏலத்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்கத் தெரிந்தவர், மேசையில் படிந்த செந்துருவைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். மேல்துரு ஒரு நாள் வேலை. அவர் டார்ச் அடித்துப் பெட்டிக்குள் பார்ப்பார். ரம்பத்தையும் மோட்டாரையும் தாங்கிச் சாய்கிற பிறை வடிவ வார்ப்பிரும்புத் தாங்கிக்கு ட்ரன்னியன் என்று பெயர். அதில் விரிசலோ, பழைய வெல்டிங் தழும்போ இருந்தால் நகர்ந்துவிடுவார். மேசை மேல் நேர்விளிம்புச் சட்டத்தைக் குறுக்கே வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். இரு சக்கரங்களையும் கடைசிவரை சுற்றிப் பார்ப்பார். சிக்கினால் அது பெரும்பாலும் பல்லிடுக்கில் இறுகிய மரத்தூளும் பிசினும்தான். ரம்பத் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். ஆட்டமிருந்தால் பேரிங் போயிருக்கிறது என்று பொருள். அது விலையைக் குறைத்துக் கேட்கக் காரணமே தவிர, விட்டுப்போகக் காரணமல்ல. எது மாற்றக்கூடியது, எது மாற்ற முடியாதது என்று பிரிக்கத் தெரிவதுதான் பழைய இயந்திரம் வாங்குகிற வித்தை. வார்ப்பிரும்பு உடைந்தால் இன்னொரு பழைய யூனிசாவைத்தான் தேட வேண்டும். தேயும் உறுப்புகளில் பல கடையில் கிடைக்கும்.

கார் ஷெட்டுக்கு வந்ததும் இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுவார்கள். யூனிசாவின் பெருமை இங்கேதான் தெரியும். மேசை போல்ட்டில் நிற்கிறது. மோட்டார் அதன் தட்டில் தொங்குகிறது. தண்டும் பல்சக்கரங்களும் திருகுகளும் ஊசிகளும் போட்டு மாட்டியவை. ஸ்பானரும் சுத்தியலும் ஒரு புல்லரும் இருந்தால் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசியாக்கக் கூடாது.

துருவெடுக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த உறுப்பை நெகட்டிவ் முனையிலும், வீணானாலும் பரவாயில்லை என்கிற பழைய இரும்புத் துண்டைப் பாசிட்டிவ் முனையிலும் மாட்டுவார்கள். முனைகளை மாற்றி மாட்டினால் காப்பாற்ற வந்த உறுப்புத்தான் கரையும். பாசிட்டிவ் முனையில் எவர்சில்வர் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் தண்ணீரில் இறங்கும். அலுமினிய உறுப்புகளைச் சோடா நீர் அரித்துவிடும், அவை தொட்டிக்குள்ளேயே போகக்கூடாது. ஹைட்ரஜன் குமிழ் விடுவதால் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

பேரிங்கின் எண் அதன் மூடியிலேயே பொறித்திருக்கும். அந்த எண்ணைக் கடையில் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பேரிங்குகள் உலகத்துக்கே பொதுவான அளவுகளில் செய்யப்படுவதால், அன்றைய தண்டுக்கு இன்றைய பேரிங் பொருந்துகிறது. மோட்டாரிலிருந்து தண்டுக்குப் போகும் மூன்று வி-பெல்ட்டுகளையும் ஒரே செட்டாக மாற்றுவார்கள். ஒன்று புதிது, இரண்டு பழசு என்றால் சுமை சமமாக ஏறாது. பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விடமாட்டார்கள். எண்ணெய் மரத்தூளைப் பிடித்துப் பசையாக்கிவிடும் என்பதால் மெழுகுதான்.

மின்சாரச் சிக்கலுக்கு விடை வி.எஃப்.டி. என்கிற சிறு பெட்டி. சிங்கிள் பேஸ் மின்சாரத்தை வாங்கி, மூன்று பேஸாகச் செய்து மோட்டாருக்குத் தருகிறது. மோட்டாருக்குள்ளிருந்து வரும் ஒன்பது கம்பிகளைக் குறைந்த மின்னழுத்தத்துக்கேற்ப மாற்றிக் கட்டி, பெட்டியிலிருந்து நேராக இணைக்க வேண்டும். இடையில் பழைய ஸ்டார்ட்டரை விட்டுவைத்தால் பெட்டிக்கு ஆபத்து. பள்ளிக்கூடத்தில் சட்டென்று குதித்து ஓடிய ரம்பம், இப்போது மெல்ல வேகமெடுத்து ஓடும்.

கடைசி வேலை நேர்படுத்துவது. சாதாரண மலிவு ரம்ப மேசைகளில் ட்ரன்னியன் மேசைக்கு அடியில் தொங்கும். ரம்பத்தை நேராக்க வேண்டுமென்றால் குனிந்து கையை விட்டுப் போராட வேண்டும். யூனிசாவில் ட்ரன்னியன் பெட்டியில் பதிந்திருக்கிறது. ஆகவே மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேசையை மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் போதும். ரம்பத்தின் ஒரே பல்லை முன்னாலும் பின்னாலும் கொண்டுவந்து டயல் கேஜால் அளப்பார்கள். வித்தியாசம் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குக்குள் வந்தால் திருப்தி.

இதற்கிடையில் டெல்டாவின் பெயர்ப்பலகை கைமாறிக்கொண்டே இருந்தது. ராக்வெல்லிடமிருந்து 1980களில் பென்டேருக்கு, 2004இல் பிளாக் அண்டு டெக்கருக்கு, 2011இல் தைவானின் சாங் டைப்புக்கு. முதலாளிகள் மாறிய ஒவ்வொரு முறையும் பழைய உதிரிகளின் பட்டியல் சுருங்குவது இயல்பு. அப்படியும் யூனிசா ஓடுகிறது என்றால், அதன் தேயும் உறுப்புகளில் பல டெல்டாவின் சொந்தமல்ல என்பதால்தான். பேரிங்கும் பெல்ட்டும் யாரும் செய்யலாம். தன்னைச் செய்த நிறுவனத்தை நம்பியிராத இயந்திரம் அந்த நிறுவனத்தைவிட அதிக நாள் வாழ்கிறது.

ஆனால் கழற்றி மாட்டித் தீராத குறையொன்று அதில் உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 4000 சுற்று சுழலும் 10 அங்குல ரம்பத்தின் விளிம்பு மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அறுத்த பலகை பின்னால் சேர்ந்து ரம்பத்தைப் பிடித்தால், பலகை அறுக்கிறவர்மீதே திரும்பிப் பாயும். இதைத் தடுக்க ரம்பத்துக்குப் பின்னால் அதோடே ஏறி இறங்கும் ரைவிங் நைஃப் என்ற தகடு இருக்க வேண்டும். யூனிசாவுக்கு அது 2009ஆம் ஆண்டின் புதிய வடிவமைப்பில்தான் வந்தது. விரல் பட்டால் நொடியின் சிறு பகுதியில் ரம்பத்தை நிறுத்தும் சாஸ்டாப் ரம்பங்கள் 2004இல் விற்பனைக்கு வந்தன. 1950களின் இயந்திரத்துக்கு இரண்டும் கிடையாது. அதில் வழக்கமாகப் பொருத்துவது நிலையான பிளவுத் தகடும் மூடியும்தான். அவையும் பல யூனிசாக்களில் கழன்று தொலைந்து போயிருக்கும்.

எனவே பழைய யூனிசாவுக்கு விலை பேசுகிறவர் தன் கணக்கில் பேரிங், பெல்ட், வி.எஃப்.டி.யோடு ஒரு நல்ல பிளவுத் தகட்டின் விலையையும் எழுதிக்கொள்ள வேண்டும். அதைச் சேர்த்தும் புதிய ரம்பத்தைவிடக் குறைவாக வந்தால்தான் அது மலிவு.