மலையுச்சிக் கல்லின் வாசகம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியில் வலப்புறம் திரும்பினால், பரங்கிமலை அடிவாரத்தை அடையலாம். ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வேலைதேடி வந்த வெளியூர் இளைஞர்கள் ஞாயிறன்று இம்மலையேறி வருவதை நாம் காண்கிறோம். அவர்கள் மிதித்தேறும் படிகளும் ஒரு வெளிநாட்டார் அமைத்தவையே. ஆர்மீனிய வணிகர் பெத்ரோஸ் உஸ்கான் கட்டுவித்தவை அவை. 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் அமைத்தவரும் அவரே. அப்பாலம் நின்ற இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் உள்ளது.

சுமார் 300 அடி உயர மலையின் உச்சியில் நிற்கும் அன்னையின் ஆலயம் சிறியது. வானளாவும் கோபுரங்களை எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவர். அதன் செல்வம் பீடத்தின் பின்சுவரில் இருக்கிறது. 1547-இல் போர்த்துக்கீசியர் கட்டடப் பணிக்காக நிலத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்ட கற்சிலுவை அது. முனைகள் மொட்டவிழ்ந்தாற்போல் அமைந்த சிலுவை. மேலே இறங்கிவரும் புறா. கீழே விரிந்த இதழ்கள். சுற்றிலும் வளைவாக எவருக்கும் புரியாத எழுத்து. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி வேளையில் இக்கல் குருதி வியர்த்ததென்றும், 1704 வரை அவ்வாறு நிகழ்ந்ததென்றும் மரபு கூறும்.

அவ்வெழுத்தைப் படிக்க அக்காலத்தில் கற்றறிந்த அந்தணர் ஒருவரை வரவழைத்தனர். அவரோ தோமையாரின் வரலாற்றையே அதில் விரிவாகப் படித்துக் காட்டினார்! கேட்டவர்கள் மகிழ்ந்தனர், நம் முன்னோரும் நெடுங்காலம் அதை நம்பினர். கேட்க விரும்பியதையே கல்லின் வாயில் வைத்துவிட்டனர் போலும்.

உண்மை வேறாயிருந்தது. எழுத்து பாரசீகத்துப் பாஹ்லவி என்பதை 1873-இல் பர்னல் வெளியிட்டார். 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுக்குள் இது செதுக்கப்பட்டதென ஆய்வாளர் பலர் கருதுவர். தோமையார் பெயர் அதில் இல்லை. இதனால் சிலர் மனம் வருந்துவதை அறிவோம்; நமக்கு வருத்தமில்லை. போர்த்துக்கீசியர் வருமுன்னரே, பல நூற்றாண்டுகளாக இக்கரையில் கிறிஸ்தவர் வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேறென்ன வேண்டும்? இதே வாசகம் கோட்டயம் வலியபள்ளிச் சிலுவையிலும் காணப்படுகிறது.

வாசகம் ஒரு மன்றாட்டு. இச்சிலுவையை அமைத்த ஒருவன், ஆண்டவராகிய மெசியா தன்மீது இரங்கவேண்டுமென்று கேட்கிறான். 1929-இல் விங்க்வொர்த் அவன் பெயரை அப்ராஸ் எனப் படித்தார். பின்வந்தோருள் ஒருவர் சப்ரீசோ என்றும், மற்றொருவர் காப்ரியேல் என்றும் படித்தனர். தந்தையின் பெயர் சஹார்புக்த் என்பதில் மட்டும் மூவரும் ஒத்துப்போகின்றனர்.