பெட்டிக்குள்ளே ஒரு கல்வெட்டு

"வரலாறு புத்தகத்துலதான் இருக்கு" என்றார் எதிரணி நண்பர். நான் அவரை மரக்காணம் உப்பளக் கரைக்கு அழைக்கிறேன். அங்கே ஒரு வீட்டுல தகரப் பெட்டி, உப்புக் காத்துல துருப்பிடிச்சது. உள்ளே ஒரு போட்டோ, மலேயாவிலிருந்து வந்த நாலு கடுதாசி. கடைசிக் கடுதாசியில தபால் முத்திரை 1941. அப்புறம்? ஒண்ணுமே இல்லே!

ஏன் இல்லே? அதுதாங்க வரலாறு! அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள் ஏராளம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. 1945-ல் போர் முடியும்வரை வழக்கமான தபால் கிடையாது. அந்த இடைவெளியில்தான், 1942-43-ல், 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போட்டார்கள். கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள்.

அதே பாதையில் இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பேர் பொறித்த கல்லறை இருக்கு. திரும்பி வராத நம்ம ஆளுக்கு? இந்தப் போட்டோதாங்க கல்லறை! இந்தக் கடுதாசிதாங்க கல்வெட்டு!

தாய்மார்களே! வீட்டுல மூத்தவங்க இருக்கும்போதே "இது யாரு?"ன்னு கேளுங்க. போட்டோவுக்குப் பின்னாடி பென்சிலால பேரை எழுதுங்க. பேர் தெரியாமப் போனா, அவர் ரெண்டாவது தடவை செத்துப் போறார்.