இறுதிக்காலப் பேணகத்தின் வரலாறு

மருத்துவத்தால் குணப்படுத்த இயலாத நோயாளர்க்கு ஆற்றத்தக்க பணி யாது என்னும் வினா பழமையானது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே நெடுங்காலம் அதற்குக் கிடைத்த விடை. அவ்விடை பிழையுடையது என்பதை 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு முயற்சி மெய்ப்பித்தது. ஹாஸ்பிஸ் என வழங்கும் இறுதிக்காலப் பேணகம் வளர்ந்தவாற்றையும், நோயாளர்க்கும் இல்லத்தார்க்கும் அதனால் விளைந்த பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பெயரை நோக்குவோம். இதன் வேராகிய இலத்தீன் சொல் விருந்தினரையும் விருந்தோம்புவாரையும் ஒருங்கே குறிப்பது. மருத்துவமனையைக் குறிக்கும் ஹாஸ்பிட்டல் என்னும் சொல்லும் அவ்வேரினின்று கிளைத்ததே. இடைக்கால ஐரோப்பாவில் திருத்தலப் பயணியரும் வறியோரும் நோயுற்றோரும் தங்கிய துறவியர் இல்லங்கள் இப்பெயர் பெற்றன. எனினும் அவை இறக்குந் தறுவாயில் உள்ளோர்க்கென்றே அமைந்தவை அல்ல.

அச்சிறப்புப் பொருள் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1842இல் ழான் கார்னியே அம்மையார் நிறுவிய மகளிர் சங்கம் இறுதிநோயாளரைப் பேணும் பணியை மேற்கொண்டது. 1879இல் டப்ளின் நகரில் அயர்லாந்தின் கன்னியர் சபை ஒன்று பேணகம் அமைத்தது. அச்சபையே 1905இல் இலண்டன் மாநகரின் ஹாக்னிப் பகுதியில் புனித யோசேப்பு பேணகத்தைத் தோற்றுவித்தது. இவ்வில்லங்களில் படுக்கையும் பணிவிடையும் வழிபாடும் இருந்தன. வலியை முறையாக ஆராயும் மருத்துவம் இல்லை. பெரிய மருத்துவமனைகளிலோ மருத்துவம் இருந்தது. இறப்போர்க்கு உரிய இடம் இல்லை. இவ்விரண்டையும் இணைத்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்.

1918இல் பிறந்த இவர் முதலில் செவிலியராகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் விளங்கினார். வார்சாவினின்று வந்து இலண்டனில் தனிமையில் வாழ்ந்த டேவிட் டாஸ்மா என்னும் யூதரைப் புற்றுநோய்ப் படுக்கையில் கண்டு பழகினார். 1948இல் இறந்த அவர், அம்மையார் அமைக்க எண்ணிய இல்லத்தில் ஒரு சாளரமாகத் தாம் திகழ விரும்பி, 500 பவுன் விட்டுச் சென்றார். மருத்துவரானாலன்றித் தம் கருத்தை நிலைநாட்ட இயலாது என்றுணர்ந்த அம்மையார், மருத்துவம் பயின்று 1957இல் தேறினார். மறு ஆண்டு புனித யோசேப்பு பேணகத்தில் ஆய்வைத் தொடங்கினார்.

அக்காலத்து வழக்கம் வலி மிக்கபின் நோயாளர் வேண்டினால் மட்டுமே மார்ஃபின் அளிப்பதாகும். மருந்துக்கு அடிமையாவர் என்னும் அச்சமே அதன் காரணம். இதனால் நோயாளர் ஒரு வலிக்கும் மறு வலிக்கும் இடையே அஞ்சிக் கிடந்தனர். அம்மையாரோ, பேஸ்வாட்டரில் இருந்த புனித லூக்கா இல்லத்தில் தாம் முன்னர்க் கண்ட முறையைப் பின்பற்றி, வலி தோன்றுமுன் குறித்த நேரந்தோறும் மருந்தை வாய்வழி அளித்தார். வலி அடங்கியது, அறிவும் மயங்கவில்லை. நோயாளர் மனைவி மக்களோடு உரையாடவும், மனக்குறை தீர்க்கவும், விடைபெறவும் இயன்றது. வலி நீக்கம் உடலுக்கு மட்டுமன்றி உறவுக்கும் மருந்தாயிற்று என்பதே இவ்வரலாற்றில் நாம் காணும் தலையாய உண்மையாகும்.

உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கின் துன்பமும் சேர்ந்ததே முழு வலி என அம்மையார் வகுத்தார். 1967இல் தென் இலண்டனில் 54 படுக்கைகளோடு அவர் திறந்த புனித கிறித்தோபர் பேணகம், பேணுதல், கற்பித்தல், ஆராய்தல் என்னும் முப்பணிகளையும் மேற்கொண்டது. 1969இல் அதன் பணியாளர் நோயாளரின் வீடுகளுக்கே செல்லத் தொடங்கினர். இறப்பிற்குப் பின்னரும் இல்லத்தாரின் துயராற்றும் பணி தொடர்ந்தது. நோயாளர் மட்டுமல்லர், இல்லத்தார் அனைவருமே பேணுதற்குரியர் என்னும் கொள்கை இங்ஙனம் செயலுருப் பெற்றது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1970களில் இப்பணியைத் தொடங்கிய பால்ஃபர் மவுண்ட் என்னும் மருத்துவர், அங்கு வழங்கிய பிரெஞ்சு மொழியில் ஹாஸ்பிஸ் என்பது ஆதரவற்றோர் விடுதியைக் குறித்தமையால், நோய்த்தணிப்புப் பேணல் என்னும் பொருளுடைய புதுப்பெயர் சூட்டினார். 1986இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட புற்றுநோய் வலிதணிப்பு நெறியும், மருந்தை வாய்வழியும் காலந்தவறாமலும் அளிக்குமாறு கூறியது.

இத்தகைய பேணல் நம்பிக்கை இழப்பின் அடையாளம் என்றும், இறப்பை விரைவுபடுத்துவது என்றும் கூறுவாருளர். 2010இல் பாஸ்டன் நகர மருத்துவர் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. முற்றிய நுரையீரல் புற்றுநோயுற்ற 151 பேருள், வழக்கமான மருத்துவத்தோடு நோய்த்தணிப்புப் பேணலையும் தொடக்கத்திலேயே பெற்றோர் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதமும், பெறாதோர் 8.9 மாதமும் வாழ்ந்தனர். முன்னவர் வாழ்க்கைநிலையும் மேம்பட்டிருந்தது. ஓர் ஆய்வு கொண்டு எல்லா நோய்க்கும் முடிவு கூறல் பொருந்தாது; ஆயினும் மேற்கூறிய அச்சத்திற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை என்பது தெளிவு.

அம்மையார் 2005இல் தாம் நிறுவிய பேணகத்திலேயே இறந்தார். நோயை நீக்க இயலாதவிடத்தும் நோயாளரை விருந்தினராக ஏற்றுப் பேணல் இயலும் என்பது அவர் வாழ்வு காட்டும் முடிபு. சொல்லின் பழம்பொருளே செயலின் பயனாயிற்று எனலாம்.